உணவும் நோயும் பொறுப்பும்

நோயுற்றவரைப் பார்த்து, "நீர் உண்டதன் பயனையே அனுபவிக்கிறீர்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகின்றது. முன்னர் ஊழ்வினையின் பெயரால் வழங்கப்பட்ட தீர்ப்பு இன்று விஞ்ஞானத்தின் பெயரால் வழங்கப்படுகின்றது. உணவு உடலில் அழற்சியைத் தூண்டுகின்றது. அழற்சி நோயை விளைவிக்கின்றது. ஆகவே நோயாளியே தம் நோய்க்குக் குற்றவாளி என்பது இத்தீர்ப்பின் தருக்கம். முதலிரு கூற்றுகளில் உண்மை உண்டு. அவற்றிலிருந்து மூன்றாவது பிறக்குமா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

அழற்சி தன்னளவில் தீங்கன்று. காயத்தையும் கிருமியையும் எதிர்த்து உடல் மேற்கொள்ளும் தற்காப்பே அது. எனினும், வெளிப்படையான குறி எதுவுமின்றி, தாழ்ந்த அளவில், ஆண்டுக்கணக்கில் அடங்காது நீடிக்கும் அழற்சியும் உண்டு. இருதய நோய், நீரிழிவு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றோடு அது தொடர்புடையது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017இல் வெளியான ஒரு பரிசோதனை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. முன்னர் மாரடைப்புக்குள்ளான பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிற் பங்குபற்றினர். இரத்தக் கொழுப்பை மாற்றாது அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தைக் குறித்த அளவிற் பெற்றவரிடையே, மாரடைப்பு முதலிய தாக்கங்கள் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தன. ஆயின், அதே மருந்து தொற்றுநோயால் நேரும் மரணங்களைக் கூட்டியது. மொத்த மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை. உடலின் தற்காப்பை அடக்குவதற்கும் ஒரு விலை உண்டு.

உணவின் பங்கு யாது? அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர், உணவின் 45 கூறுகளை அவற்றின் அழற்சித் தன்மைக்கேற்ப மதிப்பிடும் ஓர் அட்டவணையை 2014இல் வெளியிட்டனர். நிறைவுற்ற கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பக்கத்திலும், நார்ப்பொருள், மஞ்சள், இஞ்சி, உள்ளி, தேயிலை ஆகியவை தணிக்கும் பக்கத்திலும் அதில் இடம்பெறுகின்றன. அழற்சியைத் தூண்டும் உணவை மிகுதியாக உண்ணும் கூட்டத்தாரிடையே பெருங்குடற் புற்றுநோயும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதைப் பின்வந்த ஆய்வுகள் பல தெரிவித்தன. இவை பெரும்பாலும் அவதானிப்பு ஆய்வுகள். உணவில் வேறுபடுவோர் வருவாயிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் வேறுபடுவர் என்பதை மறத்தலாகாது.

இவற்றை முழுமையாக ஏற்றுக்கொண்ட பின்னரும் குற்றத்தீர்ப்பு நிலைபெறவில்லை. ஏனெனில், இடர் என்பது கூட்டத்தைப் பற்றிய அளவு. குற்றம் என்பது தனிமனிதரைப் பற்றிய தீர்ப்பு. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஆயிரம் பேரில் நூறு பேருக்கு வரக்கூடிய நோய், தீய உணவினால் நூற்றிருபது பேருக்கு வருகின்றது எனக் கொள்வோம். அந்த நூற்றிருபதின்மருள் உணவினால் நோயுற்ற இருபதின்மர் யாவர்? எந்த மருத்துவராலும் அவர்களைச் சுட்டிக்காட்ட இயலாது. சுட்ட இயலாத குற்றத்தை நூற்றிருபதின்மர் மீதும் சுமத்துவது விஞ்ஞானமுமன்று, நீதியுமன்று.

இன்னுமொன்று. வேறு விதமாகச் செய்ய இயன்றவர் மீதே குற்றஞ்சாட்டல் பொருந்தும். கோதுமைமா ரொட்டியும் சம்பலும் உண்டு, சீனி கலந்த தேநீர் அருந்தி மலையேறும் தோட்டத் தொழிலாளிக்குக் காய்கறியும் பழமும் பருப்பும் நல்லவை என்பது தெரியாததன்று. அவற்றுக்கான பணமே இல்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 சதவீதத்தை எட்டியது. அக்காலத்தில் ஏழையின் தட்டில் எஞ்சியதை அவருடைய தெரிவு எனக் கூறுதல் எவ்வாறு தகும்?

இவ்விடத்தில் வள்ளுவரைத் துணைக்கழைப்போர் உளர். 'மருந்து' என்னும் அதிகாரம் அளவறிந்து உண்ணுமாறு கூறுவது உண்மையே. ஆயின் அளவறிந்து உண்ணல் உணவு உடையோர்க்கு உரிய அறிவுரை. இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்னும் நிலை உண்டாயின் உலகைப் படைத்தவனே கெடுக என்று 'இரவச்சம்' அதிகாரத்தில் வெகுண்டவரும் அதே வள்ளுவர்தாம். அங்கு அவர் இரப்பவரைப் பழிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோவும் இத்தகைய பார்வையுடையவர். நாடிச் சுவர் தடிக்கும் நோயில் அழற்சியின் பங்கை வலியுறுத்திய அவரே, 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தபோது, கல்வியையும் சுதந்திரத்தையும் வாழ்க்கைத்தர உயர்வையும் பரிகாரமாக விதந்துரைத்தார்.

அங்ஙனமாயின் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு, ஆனால் தெரிவின் அளவே பொறுப்பின் அளவு. வாங்கும் வசதி உடையவர் தம் உடலுக்கும் தம் பிள்ளைகளுக்கும் கடப்பாடு உடையவர். பிறருடைய உணவுத் தெரிவை விலையாலும் விளம்பரத்தாலும் சட்டத்தாலும் வரையறுப்போர் அதனினும் பெரிய கடப்பாடு உடையவர். நமது நாட்டில் 2016இல் மென்பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி விதிக்கப்பட்டது. 2017இல் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என வரியும் விதிக்கப்பட்டது. நிறக்குறி குடிப்பவரை எச்சரிப்பது. வரி விற்பவரைத் தொடுவது. அடுத்த ஆண்டே வரி 30 சதமாகக் குறைக்கப்பட்டது. எச்சரிக்கையைப் பொறுத்துக்கொண்ட வணிகம் வரியைப் பொறுத்துக்கொள்ளவில்லை போலும்.

அழற்சி பற்றிய அறிவு நமக்குக் கிடைத்த நல்ல கருவி. அதனை நோயாளியின் தலைமீது வீசும் கல்லாக்குவதா, நல்லுணவு எல்லார் தட்டையும் சேர வழிகோலும் வாதமாக்குவதா என்பதை விஞ்ஞானம் தீர்மானிக்காது; நாமே தீர்மானிக்க வேண்டும். நோயுற்றவரிடம் "என்ன உண்டீர்?" என வினவுமுன், "உண்பதற்கு உமக்கு என்ன கிடைத்தது?" என வினவும் சமுதாயமே அவ்வறிவைப் பெறத் தகுதியுடைய சமுதாயமாகும்.