கேட்க வேண்டியவளைக் கேட்டீர்களா?

சங்கராபுரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், மருமகளுக்கு மனநோய். மாத்திரை சாப்பிடுகிறாள். எதிர்பாராமல் மறுபடியும் உண்டாகிவிட்டாள். பிரசவத்தோடு ஆபரேஷனும் செய்துவிடலாம் என்றிருக்கிறோம். மார்க்கத்தில் இடமுண்டா?"

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்றோம்.

"புத்தி சரியில்லாதவளிடம் என்ன கேட்பது?"

"தொழுகிறாளா?"

"ஐந்து வேளையும். ரமளானில் விடுபட்ட நோன்பைக்கூடக் களாச் செய்துவிட்டாள்."

தொழுகையும் நோன்பும் புத்தியுள்ளவர் மீதே கடமை. சுபுஹுக்கு அவளை எழுப்பும்போது புத்தியுள்ளவள். அவளுடைய வயிற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் புத்தியற்றவளா? நமது ஃபுகஹாக்கள் ஓயாத பைத்தியத்தையும் வந்துபோகும் பைத்தியத்தையும் பிரித்தே சட்டம் சொன்னார்கள். தெளிந்த வேளையில் செய்த விற்பனை செல்லும், பேச்சும் செல்லும்.

பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைப்பது புதிய விஷயமன்று. குர்ஆன் இறங்கிய காலத்திலேயே சஹாபாக்கள் அஸ்ல் செய்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. அந்தத் தற்காலிகத் தடுப்புக்கே மனைவியின் சம்மதத்தை ஹனஃபீ மத்ஹபின் அடிப்படைச் சொல் ஷர்த்தாக வைக்கிறது. நிரந்தர ஆபரேஷனையோ, தக்க மருத்துவக் காரணமின்றிப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிப்பதில்லை. நாட்டின் சட்டமும் சும்மா இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சையென்று ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை ஆபரேஷன் செய்வதைத் தடுக்கிறது.

2009இல் சண்டிகரில் அரசுக் காப்பகத்திலிருந்த ஒரு பெண் பலாத்காரத்தால் கர்ப்பமானாள். அவளுக்கிருந்தது மனநோயன்று, மனவளர்ச்சிக் குறைவு. கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளோ பிள்ளை வேண்டுமென்றாள். உச்சநீதிமன்றம் அவள் சொல்லையே ஏற்றது.

பெரியவர் "எதிர்பாராமல்" என்றாரே, அதற்கும் காரணம் உண்டு. ரிஸ்பெரிடோன் போன்ற சில மாத்திரைகளால் மாதவிலக்கு நின்றுபோவதுண்டு. இனிக் கரு தங்காது என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். மாத்திரை மாறியதும் கரு தங்கிவிடுகிறது. கார்பமாசிபின் சாப்பிடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். வால்புரோயேட்டோ கருவிலுள்ள பிள்ளைக்கே கேடு. அதைச் சாப்பிடும் தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 10இல் 1 பிறவிக் குறையோடு பிறக்கிறது. ஆகவே இதையெல்லாம் உண்டாகுமுன்பே டாக்டரிடம் பேசியிருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது வேறு. கர்ப்பம் என்றதும் பயந்து எல்லா மாத்திரையையும் தூக்கி எறிகிறார்கள். நோய் திரும்பியதும் குற்றம் அவள் தலையில்! பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் துன்பம் நேரலாகாது என்ற கருத்து அல்பகறா 233ஆம் வசனத்தில் இருப்பதைப் பெரியவருக்கு நினைவூட்டினோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளையே அழைத்துப் போய்க் கேட்கிறேன்" என்றார்.

"மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மகனையும் அழைத்துப் போங்கள்" என்றோம். அதுவரை மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.