எரிச்சல் நின்ற பாதம்

எங்கள் சபை ஒரு தகரக் கூரை ஷெட். அதற்கு முன் அது ஸ்பேர் பார்ட்ஸ் குடோனாக இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்திலேயே ஆமென் சொல்வார்கள். ப்ரொஜெக்டரில் பாட்டு வரிகளை நகர்த்துவது என் வேலை.

அப்படி ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்தாள்.

"ஆறு மாசமா ராத்திரியில ரெண்டு பாதமும் நெருப்புல வச்ச மாதிரி எரியும். ஈரத்துணியச் சுத்திக்கிட்டுப் படுப்பேன். பாஸ்டர் ஐயா கை வச்சு ஜெபிச்சாங்க. விசுவாசத்தோட சுகர் மாத்திரைய விட்டுட்டேன். இப்ப எரிச்சலே இல்ல. கர்த்தருக்கே மகிமை."

ஷெட் அதிரும்படி கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்குள் அப்போதே ஒரு கேள்வி இருந்தது. மாத்திரையை விட்டு நாலு மாதம் ஆகிறதே, ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தால் என்ன? வீட்டில் ஒருமுறை வாயெடுத்தேன். "டெஸ்ட் எடுக்கிறது கர்த்தரையே சோதிக்கிற மாதிரிடா" என்றாள் அம்மா. அது அவளுடைய வாக்கியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சமையலறைத் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. அம்மா நடந்த இடமெல்லாம் இருந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தால் சின்ன ஆணி ஒன்று உள்ளே ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை.

புண் ஆறவில்லை. கறுத்தது. சென்னைக்குக் கூட்டிப்போனோம். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். எரிச்சல் எப்போது நின்றது என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எரிச்சல் நின்னது குணமானதால இல்லம்மா. நரம்பு செத்துப்போனதால."

வீட்டுக்கு வந்த பிறகு சபையிலிருந்து பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அழுது ஜெபித்தார்கள். கிளம்பும்போது ஒரு ஆன்ட்டி மெல்லச் சொன்னார்: "வீட்டுல யாருக்காவது அவிசுவாசம் இருந்தா கிருபை தடைபடும் சிஸ்டர்." அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மா கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"நீ சந்தேகப்பட்டியா கண்ணு?"

இரண்டு வருடமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், சந்தேகப்பட்டேன். அது பாவமா?

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விசுவாசம் எங்கள் வீட்டுக்குள் ஏமாற்றி நுழைந்தது அல்ல. அப்பா ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர். சம்பள நாளன்று அவர் வீடு வந்து சேர்வதே பெரிய விஷயம். இந்த ஷெட்டில் ஒரு உபவாச ஜெபத்தில் முழங்கால் போட்டவர் அன்றோடு குடியை நிறுத்தினார். மில்லில் ஆட்குறைப்பு வந்த மூன்று மாதமும் சபையார்தான் அரிசி கொடுத்தார்கள். எங்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். அப்பாவுக்கு நடந்தது அம்மாவுக்கும் நடக்கும் என்று நம்பியதை முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

அப்படியானால் எங்கே தவறியது? எனக்கு உதவியவர்கள் இரண்டு பேர். இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள், ஒருவருக்கொருவர் எதிர்த் தரப்பு.

அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் 'நம்பும் விருப்பம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில விஷயங்களில் ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த விஷயமே நடக்காது என்கிறார். ஒருவர் நம்மோடு நட்பாவாரா என்பது, ஆவார் என்று நம்பி நாம் முதலில் கை நீட்டுவதில் பாதி இருக்கிறது. அங்கே நம்பிக்கைதான் உண்மையை உண்டாக்குகிறது. அப்பாவின் குடி இந்த வகை. 'என்னால் விட முடியும், ஒருவர் என் கையைப் பிடித்திருக்கிறார்' என்று நம்பியதுதான் அவர் விட்டதற்குப் பாதிக் காரணம்.

ஆனால் அம்மாவின் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அந்த வகை இல்லை. அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது இருந்த அளவில்தான் இருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் அது. ஜேம்ஸ்கூட, ஆதாரத்தால் தீர்க்கவே முடியாத கேள்விகளுக்குத்தான் அந்த உரிமையைக் கொடுத்தார். எங்கள் சபை இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. அப்பாவின் சாட்சியைக் காட்டி அம்மாவின் மாத்திரையை வாங்கிக்கொண்டது.

இன்னொருவர் வில்லியம் கிளிஃபோர்ட். இங்கிலாந்துக் கணித அறிஞர், 33 வயதில் காசநோயில் இறந்தவர். 1877-ல் வந்த 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொல்கிறார். கப்பல் பழசு. பல முறை பழுது பார்த்தது. அடுத்த பயணத்தில் பிழைப்புத் தேடி வேறு தேசம் போகும் குடும்பங்கள் ஏறப் போகின்றன. கப்பலைப் பிரித்து ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டுமோ என்று முதலாளிக்கு உறுத்துகிறது. ஆனால் செலவாகும். இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, இந்த ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி உறுத்தலை அடக்குகிறான். கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறான். மகிழ்ச்சியாக வழியனுப்புகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது.

அவன் உண்மையாக நம்பினான் என்பது ஒரு சாக்கே அல்ல என்கிறார் கிளிஃபோர்ட். அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அந்த நம்பிக்கையை அவன் விசாரித்துப் பெறவில்லை, சந்தேகத்தின் கழுத்தை நெரித்துப் பெற்றான். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்று இன்னொரு படி மேலே போகிறார்.

இதைப் படித்தபோது முதலில் பாஸ்டரைத்தான் நினைத்தேன். அடுத்த நிமிடம் கைதட்டிக்கொண்டிருந்த என் கைகள் ஞாபகம் வந்தன. எனக்குள்ளும் உறுத்தல் இருந்தது. நானும் அதை அடக்கினேன். கப்பலில் இருந்தது நான் இல்லை, அம்மா.

இங்கே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். 'வேதம் எழுத்துக்கு எழுத்து உண்மை. வியாதியஸ்தர்மேல் கை வைத்தால் சொஸ்தமாவார்கள் என்று மாற்கு பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறதா இல்லையா?' இருக்கிறது. அதே பகுதியில் விசுவாசிகள் பாம்புகளைத் தூக்குவார்கள், விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் இருக்கிறது. சிப்காட் ஓரத்துப் புதர்களில் பாம்புக்குப் பஞ்சமில்லை. எங்கள் சபையில் ஒருவரும் தூக்கியதில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் தூக்குகிறார்கள். அந்த வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி என்ற போதகர் 1955-ல் பாம்பு கடித்து, மருத்துவம் வேண்டாம் என்று மறுத்து இறந்தார். 'எழுத்துக்கு எழுத்து' என்பவர்களில் அவராவது நேர்மையாக இருந்தார். மற்ற எல்லோரும் எந்த வசனத்தை எழுத்தாக எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொரு விஷயமும் பின்னால் தெரிந்தது. முழு வேதாகமமாக எழுதப்பட்டவற்றில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகளான வத்திக்கான், சினாய் சுவடிகள் இரண்டும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் மாற்கு பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. கை வைப்பதும் பாம்பும் விஷமும் வருவது அதற்குப் பிறகு. பைபிள் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. எங்கள் ஷெட்டுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

என் விசுவாசம் இதில் உடைந்துபோயிருக்க வேண்டும். முழுதாக உடையாததற்குக் காரணம் பால் பிராண்ட் என்ற டாக்டர்.

அவர் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் கண்டிப்பான பாப்டிஸ்ட் மிஷனரிகள். அப்பா ஜெஸ்ஸி 1929-ல் அதே மலையில் காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பாலுக்கு அப்போது 14 வயது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகும், விரல் தானாக உதிரும் என்றே அப்போது பரவலாக நம்பினார்கள். பிராண்ட் அதைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று நோயாளிகளின் கூடவே இருந்து பார்த்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்கிறார்கள். பூட்டில் சிக்கிய சாவியை விரல் கிழியும் அளவுக்குத் திருப்புகிறார்கள். இரவில் விரல் காணாமல் போன மர்மத்துக்குக் காரணம் எலி. தூங்கும்போது எலி கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். விரல்களைத் தின்றது நோய் அல்ல, வலி இல்லாமை.

1966-ல் அவர் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதைதான் நடக்கிறது என்று கண்டு அதற்கும் வழி சொன்னார். அதாவது என் அம்மாவின் பாதத்தைப் பற்றி, அவள் சாட்சி சொல்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஜெபிக்கிற ஒரு கிறிஸ்தவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஒருமுறை நீண்ட பயணம் முடித்து இங்கிலாந்தில் ஒரு அறையில் சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனிக்கிறார். ஊசியால் குத்திப் பார்க்கிறார். வலிக்கவில்லை. தொழுநோய் தனக்கும் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். விடிந்ததும் மறுபடி குத்துகிறார். இம்முறை 'ஆ' என்று கத்தும் அளவுக்கு வலிக்கிறது. பயணத்தில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்.

எங்கள் சபையில் எரிச்சல் நின்றதற்கு நன்றி சொன்னோம். அவர் வலித்ததற்கு நன்றி சொன்னார். இரண்டும் ஜெபம்தான். ஒன்று குத்திப் பார்த்த பிறகு வந்தது, இன்னொன்று பார்க்க மாட்டேன் என்றபடி வந்தது.

அம்மாவின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் கிடைத்தது. மனதில் சந்தேகம் செய்யும் வேலை, பாதத்தில் வலி செய்யும் வேலை. அது சுகமாக இருக்காது. ராத்திரி தூங்க விடாது. அதைப் போக்கிக்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. காரணத்தைத் தேடிச் சரிசெய்யலாம், இல்லையென்றால் நரம்பைக் கொன்றுவிடலாம். சந்தேகமே வராத விசுவாசத்தை எங்கள் ஷெட்டில் ஆரோக்கியம் என்று நினைத்தோம். அது ஆணி ஏறினாலும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த பாதம்.

அந்த ஆன்ட்டி சொன்னதற்கும் ஒரு பதில் உண்டு. குணமானால் கர்த்தருக்கு மகிமை, ஆகாவிட்டால் உன் அவிசுவாசம் என்று கணக்கு எழுதினால் அந்தக் கணக்கு எப்போதும் தப்பாகாது. ஆனால் இழப்பு முழுவதும் ஏற்கெனவே அடிபட்டவர் தலையில் விழும். விரலையும் கொடுத்து, குற்ற உணர்ச்சியையும் சுமக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் இதே கணக்கைத்தான் போட்டார்கள்: கஷ்டம் வந்திருக்கிறது, எனவே எங்கோ நீ பாவம் செய்திருக்கிறாய். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளிடமே நியாயம் கேட்டுச் சண்டை போட்டான். புத்தகத்தின் கடைசியில் கடவுள் கோபப்படுவது அந்தப் பக்தியான நண்பர்கள்மேல். சரியாகப் பேசியவன் யோபுதான் என்று அவரே சொல்கிறார். இதுவும் எழுத்துக்கு எழுத்து வேதத்தில் இருப்பதுதான். எங்கள் சபையில் இதைப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

நான் இப்போது விசுவாசியா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. ப்ரொஜெக்டர் வேலையை விட்டுவிட்டேன். அப்பா இன்னும் குடிப்பதில்லை, இன்னும் அந்தச் சபைக்குத்தான் போகிறார். அம்மாவும் போகிறாள். போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாக அழ ஒரு இடமும் கூட அழ நாலு பேரும் அவளுக்கு வேறெங்கும் இல்லை. ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னேன்: ஜெபம் உன் இஷ்டம், மாத்திரை என் இஷ்டம். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். மாத்திரை அட்டையைப் பைபிள் கவரின் ஜிப்புக்குள் வைத்திருக்கிறாள், மறக்காமல் இருக்க.

அவளுடைய அன்றைய கேள்விக்கு ஒரு நாள் பதில் சொன்னேன்.

"ஆமாம்மா, சந்தேகப்பட்டேன். ஆனா வாயத் தொறந்து கேக்கல. கைதட்டினேன். அதுதான் தப்பு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும்தான்டா ஒரு நாள் தோணுச்சு. சொன்னா நீ பயந்துடுவியோன்னு விட்டுட்டேன்" என்றாள்.

இத்தனை நாள் ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சந்தேகப்பட்டு, ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

உயிர்த்தெழுந்த செய்தியைக் கேட்டதும் காயத்தைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவுக்குப் பிரசங்கங்களில் 'சந்தேகத் தோமா' என்று பட்டம். எங்கள் ஊரிலிருந்து லோக்கல் ட்ரெயினில் சென்ட்ரல் போய், அங்கிருந்து வண்டி மாறினால் அவர் பெயரில் இருக்கும் பரங்கிமலைக்குப் போய்விடலாம். அந்தக் கதையில் இயேசு அவரைத் துரத்திவிடவில்லை. காயத்தைக் காட்டினார்.

தினமும் இரவு ஒன்பதரைக்கு அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்காருவாள். நான் போன் டார்ச்சை அடித்து விரல் இடுக்குகள், குதிகால், எடுத்த இடத்தின் தழும்பு எல்லாவற்றையும் பார்ப்பேன். செருப்பைத் தட்டி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும், "ஒண்ணும் இல்லம்மா" என்பேன். "நல்லாப் பாத்தியா?" என்பாள். இன்னொரு தடவை பார்ப்பேன்.