தோத்துட்டா நான் யாரு?

பெரிய போட்டிக்குப் போகிற பிள்ளையிடம் நாம் வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுவோம். ஒன்று, "இதுவும் சும்மா இன்னொரு ஆட்டம்தான்டா, டென்ஷன் ஆகாதே." இன்னொன்று, "இதுக்குத்தானே இத்தனை வருஷமா உழைச்சே, உயிரைக் கொடுத்து ஆடு." முதலாவது பொய். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். இரண்டாவதைத்தான் நாம் உண்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. அந்தச் சந்தேகத்தைச் சொல்ல நான் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை.

நம்ம காற்பந்து இல்லை அது. ஹெல்மெட், தோள் கவசம், இரண்டு முனையும் கூர்மையான பந்து. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். தாக்கும் அணியில் 'குவாட்டர்பேக்' என்று ஒருவர் இருப்பார். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணி ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது, எறியாமல் தானே ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஜெயித்தால் பாதிப் புகழ் அவருக்கு, தோற்றால் முக்கால்வாசிப் பழி அவருக்கு. அவ்வளவு தெரிந்தால் போதும், இந்தக் கதை புரியும்.

2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசியக் கல்லூரிச் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டம், அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும். அங்கே திங்கள் இரவு, நமக்குச் செவ்வாய்க் காலை வேலை நேரம். ஆகவே என்னைப் போன்றவர்கள் இந்த ஆட்டங்களைப் பதிவில்தான் பார்ப்போம். அரங்கில் 70,000க்கும் மேற்பட்டவர்கள். அலபாமாவின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், வயது 19. கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி வந்தது. அதனால் அன்று இந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்குச் சம்பளம் கிடையாது, கல்விச் சலுகை மட்டும்தான். அவனுடைய பயிற்றுநருக்கோ ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர். (இந்த நியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.)

ஹர்ட்ஸுக்கு இது இரண்டாவது இறுதியாட்டம். முதலாவது அதற்கு ஓராண்டுக்கு முன், டாம்பாவில், கிளெம்சனுக்கு எதிராக. அதில் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது தானே 30 கெஜம் ஓடி அணியை முன்னணிக்குக் கொண்டுவந்தார். 31-28. அப்புறம் கிளெம்சனின் டிஷான் வாட்சன், கடிகாரத்தில் ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது, ஜெயிக்கும் பந்தை எறிந்துவிட்டார். 35-31. ஒரு விநாடியில் நழுவிய கிண்ணத்தை எடுக்க ஓராண்டு உழைத்து அட்லாண்டா வந்தவர் ஹர்ட்ஸ்.

முதல் பாதியில் எதுவும் சரியாக அமையவில்லை. எட்டு முறை எறிந்ததில் மூன்றுதான் போய்ச் சேர்ந்தது, மொத்தம் 21 கெஜம். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்யம். பயிற்றுநர் நிக் சேபன் அவரை உட்கார வைத்துவிட்டார். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது. இரண்டாம் பாதிக்கு இறங்கியவர் டுவா டாகோவைலோவா. ஹவாய்ப் பையன், அவருக்கும் வயது 19, அதுவரை ஒரு கல்லூரி ஆட்டத்தைக்கூட முதல் ஆளாகத் தொடங்கியதில்லை.

டுவா ஒன்றும் தெய்வப் பிறவி மாதிரி ஆடவில்லை. நடுவில் ஒரு பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். ஆனாலும் ஆட்டம் 20-20 என்று சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா முதலில் மூன்று புள்ளி எடுத்தது. அலபாமாவின் முறை வந்ததும், முதல் பந்திலேயே டுவா எறியாமல் தாமதித்து, மாட்டிக்கொண்டு, 16 கெஜம் பின்னால் போய் விழுந்தார். அந்த நேரத்தில் செய்யவே கூடாத தவறு அது. அடுத்த பந்து: 41 கெஜம், டெவான்டா ஸ்மித் கைக்கு. ஆட்டம் முடிந்தது. 26-23, அலபாமா சாம்பியன்.

பெரும்பாலோர் அந்த 41 கெஜத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அந்த இரண்டு பந்துகளுக்கு இடையிலான சில விநாடிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "இதில் தோற்றால் நான் ஒன்றுமே இல்லை" என்ற எண்ணத்தோடு இறங்கிய ஒருவனுக்கு, அந்த 16 கெஜம் வெறும் 16 கெஜமாக இருக்காது. தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே இருக்கும். தீர்ப்பைச் சுமந்துகொண்டு அடுத்த பந்தைச் சரியாக எறிய முடியாது. விழுந்ததை விழுந்ததாக மட்டும் பார்க்கத் தெரிந்தவனால்தான் எழுந்து கண்ணைத் திறந்து, தூரத்தில் யார் தனியாக ஓடுகிறான் என்று பார்க்க முடியும்.

இன்னொருவர் இருக்கிறாரே, ஓரத்தில் நின்றவர். ஒருவர் மனசுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நடத்தையைத்தான் பார்க்க முடியும். ஹர்ட்ஸ் அணியோடு சேர்ந்து கொண்டாடினார். தன் இடத்தை எடுத்துக்கொண்டவரைப் பாராட்டியே பேசினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகப் போகவில்லை. வலிக்கவில்லை என்று சொல்லவில்லை நான். வலிக்காமல் இருக்குமா? ஆனால் வலி வேறு, உடைந்து போவது வேறு.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒரு போட்டியை உண்மையிலேயே மதிக்கிறவன், அதில் தன் உயிரையே பணயம் வைக்க வேண்டுமா? அப்படி வைக்காதவனுக்கு அக்கறை குறைவு என்று அர்த்தமா?

இதே கேள்வி 2021இல் இன்னொரு குவாட்டர்பேக்கை வைத்து அமெரிக்காவில் பெரிய விவாதமானது. கிளெம்சனின் டிரெவர் லாரன்ஸ். 2019 ஜனவரியில், முதலாமாண்டு மாணவராகவே, இதே அலபாமாவை 44-16 என்று இறுதியாட்டத்தில் வீழ்த்தியவர். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஜோ பர்ரோவின் எல்.எஸ்.யு. அணியிடம் 42-25 என்று தோற்றவர். கல்லூரியில் அவர் தொடங்கிய 36 ஆட்டங்களில் 34 வெற்றி. தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பேட்டியில் மனம்விட்டுப் பேசினார்: யாருக்கும் எதையும் நிரூபித்துக் காட்டும் வெறி எனக்கு இல்லை, ஃபுட்பால் மட்டுமே என் வாழ்க்கை இல்லை என்கிற கருத்தில். உடனே பிடித்துக்கொண்டார்கள். "பசி இல்லாதவன்", "இவனை நம்பி எப்படி ஓர் அணியைக் கொடுப்பது" என்றெல்லாம் பேச்சு. கடைசியில் அவர், ஆட்டத்தை நான் நேசிக்கிறேன், எனக்கான உந்துதல் உள்ளிருந்து வருகிறது என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. அந்த மாதமே ஜாக்சன்வில் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது, அது வேறு விஷயம். எனக்கு வேடிக்கையாக இருந்தது என்னவென்றால், 34 வெற்றியைக் கண்முன்னால் வைத்துக்கொண்டே ஒருவனிடம் அக்கறை இல்லை என்று சொல்ல முடிந்ததுதான். அக்கறைக்குச் சாட்சி பயிற்சி. நம்மாட்களோ தவிப்பைச் சாட்சியாகக் கேட்கிறோம்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வெறி வேலை செய்யாது என்று சொன்னால் அது பொய். டாம் பிரேடியை 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அந்த எண்ணை அவர் கடைசி வரை மறக்கவில்லை. ஏழு சூப்பர் பவுல் வென்றார். அவமானம் நல்ல எரிபொருள்தான். ஆனால் எரிபொருள் என்றால் எரிய வேண்டும், எரிவது யாருடைய உள்ளே என்பதையும் பார்க்க வேண்டும். அதோடு, வெறியோடு போய் ஜெயித்த ஒரு பிரேடியை நமக்குத் தெரியும். அதே வெறியோடு போய், 16 கெஜம் பின்னால் விழுந்து, அங்கேயே மனசு உடைந்து போன ஆயிரம் பேரின் பெயர் நமக்குத் தெரியாது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. லாரன்ஸ் சொல்லலாம், அவருக்கென்ன, பள்ளி முடிக்கும்போதே நாட்டின் முன்னணி வீரர்களில் ஒருவர். பற்றில்லாமல் இருப்பது வசதி உள்ளவர்களின் ஆடம்பரம் இல்லையா? நம் பக்கம், வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகப் போகிற பிள்ளையிடம், அப்பா லாரி ஓட்டி டியூஷன் கட்டிய பிள்ளையிடம், "முடிவைப் பற்றிக் கவலைப்படாதே" என்று சொன்னால் அது கேலி மாதிரி இருக்காதா? மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கலைன்னா அந்த வீட்டுக்கு உண்மையான நஷ்டம். அதை யாரும் இல்லை என்று சொல்லக்கூடாது.

இதற்கு என் பதில்: நஷ்டம் என்பது நடப்பது. தீர்ப்பு என்பது நாமே எழுதிக்கொள்வது, அல்லது வீட்டுக்கு வரும் சித்தப்பாவும் அத்தையும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எழுதுவது. நஷ்டத்துக்குப் பயப்படலாம், பயந்து படிக்கலாம், பயந்து ஓடிப் பயிற்சி செய்யலாம். தோற்கக் கொஞ்சமும் இடமில்லாத பிள்ளைக்குத்தான் இந்த வித்தியாசம் அதிகம் தேவை. ஏனென்றால் அவனால்தான் தேர்வு மண்டபத்தில் இரண்டாவது கேள்வி தெரியாதபோது கை நடுங்கி, தெரிந்த மூன்றாவதையும் விட்டுவிட முடியாது.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு போதனை இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஆனா அதை எப்போது எடுக்கிறோம்? எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு, ஏ குறைந்த பிள்ளையின் தோளில் தட்டி, ஆறுதலாக. கீதை சொல்லப்பட்ட நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். சங்கு ஊதியாகிவிட்டது, இரண்டு படையும் எதிரெதிரே நிற்கிறது, முதல் அம்பு இன்னும் பாயவில்லை. தோற்றவனுக்குச் சொன்ன ஆறுதல் இல்லை அது. களத்தில் இறங்கப் போகிறவனுக்குச் சொன்னது. இன்னொன்று, கேட்டவன் யார்? துரோணரிடம் வில்வித்தையை முழுக்கக் கற்றவன். பயிற்சியே செய்யாத ஒருவனிடம் கண்ணன் பலனை விடச் சொல்லவில்லை. படிக்காமல் போய்விட்டு "பலனை எதிர்பார்க்கலை" என்று சொல்கிற நம்ம பையன்களுக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஹர்ட்ஸின் மீதிக் கதை. அந்த இறுதியாட்டத்துக்குப் பிறகு அவர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. 2018 பருவம் முழுக்க டுவாவுக்கு மாற்று ஆளாக இருந்தார். பெரும்பாலும் வெற்றி உறுதியான பிறகுதான் அவருக்கு இறங்க வாய்ப்பு வரும். ஒவ்வொரு வாரமும் முதல் ஆள் மாதிரியே தயாராவது, பிறகு ஓரத்தில் நிற்பது. சும்மா சொல்வதற்கு எளிது. மூன்று வாரம் செய்து பாருங்கள்.

டிசம்பர் 1, அவர்கள் வட்டாரச் சாம்பியன் போட்டி. அதே அட்லாண்டா அரங்கம், அதே ஜார்ஜியா. கடைசிக் கால்பகுதியில் டுவாவுக்குக் கணுக்கால் அடிபட்டது. அலபாமா 21, ஜார்ஜியா 28. ஹர்ட்ஸ் இறங்கினார். ஒன்றை எறிந்து சமமாக்கினார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் நாலு விநாடி இருக்கும்போது தானே 15 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். 35-28.

இதோடு நிறுத்தினால் கதை சினிமா மாதிரி ஆகிவிடும். ஆகவே அடுத்ததையும் சொல்கிறேன். படிப்பை முடித்து ஓக்லஹோமா போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே அரங்கத்துக்கு மறுபடியும் வந்தார், தேசிய அரையிறுதி. 63-28 என்று பலத்த தோல்வி. 2023இல் பிலடெல்பியா அணியோடு சூப்பர் பவுலில் 38-35 என்று தோற்றார். 2025 பிப்ரவரியில் 40-22 என்று வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

அந்த 2025ஐச் சாட்சியாக நிறுத்த எனக்கு விருப்பமில்லை. நிறுத்தினால் மறுபடியும் அதே கணக்குக்குத்தான் வருவோம்: ஜெயித்தான், ஆகவே அவன் மனநிலை சரி. நம்ம லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டத்திலும் தோற்றார். அவருடைய மனநிலை தப்பு என்று யாராவது சொல்வோமா? எனக்கு ஹர்ட்ஸின் கதையில் முக்கியமானது 2018 பருவத்தின் நடுவில் ஏதோ ஒரு சாதாரண வாரம். அணி எப்படியும் ஜெயிக்கப் போகிறது, தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை, கேமராவும் டுவா பக்கம் திரும்பியிருக்கிறது. அவர் ஓரத்தில் ஹெல்மெட்டோடு நின்று, அடுத்த பந்துக்கு என்ன திட்டம் என்று கவனித்துக்கொண்டிருக்கிறார்.