அரைப்பது யார்? தானியங்கி எஸ்பிரெசோ இயந்திரமும் வினையின் உரிமையும்

ஒரு வேலையைக் கருவி தானே செய்து முடிக்கும்போது அந்த வினை யாருடையது என்னும் கேள்வியை மெய்யியலும் சமயமும் மின்சாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே எழுப்பிவிட்டன. இன்று அக்கேள்வி வீட்டுச் சமையலறை மேடை மீதே வந்து நிற்கிறது. கொட்டையை அரைத்து, தூளை அளந்து, அழுத்தி, நீரைச் சூடாக்கி, காபியை இறக்கி, சக்கையையும் தானே ஒதுக்கிவிடும் தானியங்கி எஸ்பிரெசோ இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு ஒரு பொத்தானை அழுத்துவதற்கு மேல் வேலை எதுவும் இல்லை. அப்படி அழுத்தியவரைக் காபி போட்டவர் என்று சொல்லலாமா, சொல்லலாம் என்றால் எந்தப் பொருளில் என்பதைத் தீர ஆராய்வது, எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற அன்றாடக் கேள்விக்கும் பயன்படும்.

எஸ்பிரெசோ என்பது மிக நுண்ணிதாக அரைத்த தூளின் வழியே 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை சூடான நீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் செலுத்தி, 25 முதல் 30 நொடிகளுக்குள் இறக்கும் செறிந்த காபியாகும்; பார் என்பது அழுத்தத்தின் அலகு, ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமம். இத்தாலியில் இக்காபி வளர்ந்த வரலாறு, மனிதக் கை படிப்படியாக விலகிய வரலாறாகவும் இருக்கிறது. தூரின் நகரத்தின் ஆஞ்செலோ மொரியோந்தோ 1884இல் நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரத்தின் லூயிஜி பெத்சேரா 1901இல் அதை ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே இறக்கும் கருவியாக மாற்றினார். 1940களின் பிற்பகுதியில் அக்கீலே காஜ்ஜா நெம்புகோலை இழுத்து அழுத்தம் தரும் முறையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தபோதுதான் காபியின் மேல் கிரேமா எனப்படும் பொன்னிற நுரைப்படலம் தோன்றியது. 1961இல் வந்த ஃபயேமா இ61 இயந்திரத்தில் தோள்வலுவின் இடத்தை மின்விசைப் பம்பு எடுத்துக்கொண்டது; 1985இல் சாயெகோ நிறுவனம் அரைப்பது முதல் சக்கையைத் தள்ளுவது வரை அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி வீட்டுக்கு அனுப்பியது.

இந்த நாளை அரிஸ்டாட்டில் ஒரு கற்பனையாக முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார். ‘அரசியல்’ என்னும் நூலின் முதற்பகுதியில், நெசவுநாடா தானே நெய்யுமானால், யாழ்மீட்டி தானே மீட்டுமானால், தலைமைக் கைவினைஞருக்குப் பணியாளரும் எஜமானருக்கு அடிமைகளும் தேவைப்பட மாட்டார்கள் என்ற கருத்தை அவர் கூறுகிறார். அடிமையை உயிருள்ள கருவி என்று கருதிய அவருடைய கொள்கையை இன்று ஏற்க இயலாது. ஆனாலும் தானே இயங்கும் கருவியைப் பற்றிய பேச்சு, வேலை யார் தலையில் விழுகிறது என்ற பேச்சிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை அந்தப் பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கும்: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். காபிக்குக் கொட்டையும் நீரும் முதற்காரணம் என்பதிலும் இயந்திரம் துணைக்காரணம் என்பதிலும் ஐயமில்லை. நிமித்தகாரணம் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குயவனின் கை சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, அவன் எழுந்து போனால் குடம் உருவாகாது. இங்கோ பொத்தானை அழுத்தியவர் குளிக்கப் போய்விட்டாலும் காபி இறங்கிவிடும். எத்தனை கிராம் தூள், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பவற்றையெல்லாம் எங்கோ ஒரு பொறியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்திருக்கிறார். அவரே நிமித்தகாரணம் என்றால், குடிப்பவர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார்.

இந்தச் சிக்கலை மிக நுணுக்கமாகவும், அன்றாட வாழ்வை விட்டு விலகாமலும் ஆராய்ந்தவர்கள் யூத சமயச் சட்ட அறிஞர்கள். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரையுள்ள சபாத் என்னும் ஓய்வுநாளில் செய்யலாகாத வேலைகளை மிஷ்னா என்ற பழஞ்சட்டத் தொகுப்பு 39 வகைகளாகப் பகுத்துள்ளது. அரைத்தல் அவற்றுள் ஒன்று. நெருப்பு மூட்டுதல் இன்னொன்று. சமைத்தல் அடங்கிய வகையும் உண்டு. அந்நாளில் ஒருவர் எஸ்பிரெசோ இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால், வேலையைச் செய்தது இயந்திரம், தாம் விரலை மட்டுமே அசைத்ததாக அவர் சொல்லிக்கொள்ள மரபுவழிச் சட்டம் இடம் தராது. விரலின் விளைவாக உடனடியாக எது தொடங்குகிறதோ அது அவருடைய வினையே. பொத்தான் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பொறுப்பு லேசாகிவிடாது என்னும் இம்முடிவு, கருவிகளைப் பற்றிய நவீன மெய்யியல் நூல்கள் பலவற்றைக் காட்டிலும் நேர்மையானது.

ஆனால் முன்தினமே ஏற்பாடு செய்துவைத்து, ஓய்வுநாளில் யாரும் தொடாமலே வேலை நடந்தால்? இங்கே இரு பள்ளிகள் பிரிகின்றன. மனிதன் ஓய்வதுபோல் அவனுடைய பாத்திரங்களும் கருவிகளும் ஓய வேண்டும் என்பது ஷம்மாய் வழியினரின் கருத்து என்று, மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூத் காட்டுகிறது. வினை தொடங்கிய நேரமே அதன் நேரம் என்பதால், வெள்ளியன்று தொடங்கிவைத்தது சனியன்று தானாகத் தொடர்வதில் குற்றமில்லை என்பது ஹில்லேல் வழியினரின் கருத்து. சட்டம் ஹில்லேல் பக்கமே நின்றது. ஆயினும் பாபிலோனியத் தல்மூத்தில் ஒரு விலக்கு வருகிறது. வெள்ளி மாலை தோட்டத்துக்கு வாய்க்காலைத் திறந்துவிட்டு மறுநாள் முழுவதும் நீர் பாய விடலாம். ஆனால் இருட்டுவதற்குள் அரைந்து முடியாத அளவு கோதுமையை நீராலையில் கொட்டிவைக்கலாகாது. இரண்டிலும் மனிதக் கை இல்லாதபோது இந்த வேறுபாடு ஏன் என்று கேட்டு, ரப்பா என்னும் அறிஞர் ஆலை எழுப்பும் ஓசையைக் காரணமாகச் சொல்கிறார். ரவ் யோசேப் என்னும் மற்றோர் அறிஞர் கருவிகளின் ஓய்வைக் காரணமாக்குகிறார்.

ஓசை என்ற காரணம் முதலில் சிறியதாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஆழ்ந்த உணர்வு ஒன்று இருக்கிறது: அமைதிக்கென ஒதுக்கிய நாளில் ஒரு வீட்டிலிருந்து அரைக்கும் சத்தம் வந்தால், அந்த வினை சட்டப்படி யாருடையதாக இருந்தாலும், அந்நாளின் கண்ணியம் குலைகிறது. வினை தன்னுடையது அன்று என்றாலும் அதன் ஓசைக்குத் தானே பொறுப்பு. பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ தம் சட்டத்தொகுப்பில் ஆலையை அனுமதித்தார். கிராகோவ் நகரத்தின் மோஷே இஸ்ஸர்லெஸ் ஓசைக்கு அஞ்சி அதைத் தடுக்கும் கருத்தை எடுத்துரைத்தார், ஆனால் மணியடிக்கும் கடிகாரத்தை முன்தினமே முடுக்கிவைப்பது முந்தைய நாளின் ஏற்பாடு என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால் அதற்குத் தடையில்லை என்றார். இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் வாழ்ந்த மோஷே ஃபைன்ஸ்டைன், குறித்த நேரத்தில் மின்கருவிகளைத் தானே இயக்கும் நேரவிசையைச் சமையலுக்குப் பயன்படுத்துவதை ஏற்கவில்லை. விளக்குக்கு மட்டும் இடம் தந்தார். இந்த வழி திறந்தால் வாரநாளின் வேலை முழுவதையும் ஓய்வுநாளிலும் நடத்திவிடலாம், பிறகு அந்த நாளுக்கு என்ன மதிப்பு என்பதே அவருடைய கவலை. எல்லா அறிஞர்களும் அவ்வளவு கடுமை காட்டவில்லை. இயந்திரத்தின் அமைப்பும் இதில் ஒரு தடை: வீட்டுத் தானியங்கிகள் பெரும்பாலானவை நேரவிசையால் மின்சாரம் வந்தாலும் காபி இறக்க விரலுக்காகக் காத்திருக்கும். அதனால் சட்டத்தைப் பேணும் பல வீடுகளில் சபாத் காலையின் காபி, முன்தினமே கொதிக்கவைத்துச் சூடு ஆறாமல் வைத்திருந்த நீரில் கரைத்த உடனடிக் காபிப் பொடியாகவே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்து சீன மரபின் சுவாங்சி நூல் ஒரு கதையைச் சொல்கிறது. கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டுவந்து பாத்திக்கு ஊற்றும் முதியவரைக் கண்ட கன்பூசியஸின் சீடர், ஏற்றம் போட்டால் ஒரே நாளில் நூறு பாத்திக்கு இறைக்கலாமே என்கிறார். பொறி வந்தால் பொறியின் காரியங்கள் வரும், அவற்றின் பின்னே பொறியின் மனமும் வந்து குடிபுகும் என்று தாம் கற்றிருப்பதாகவும், ஏற்றம் தமக்குத் தெரியாதது அன்று, அதைப் பயன்படுத்த வெட்கப்படுவதாகவும் முதியவர் விடை சொல்கிறார். யூத அறிஞர் வினையின் உரிமையைப் பார்க்க, இவர் வினை மனத்தில் விட்டுச்செல்லும் தடத்தைப் பார்க்கிறார். அவருடைய அச்சம் மதிக்கத்தக்கது. எனினும் குடமும் ஒரு கருவியே என்பதை அக்கதை கடந்துபோய்விடுகிறது.

தம் கையால் செய்வதில்தான் காபியின் மேன்மை முழுவதும் இருக்கிறது என்று வாதிடுவோர் காபியின் சமய வரலாற்றையும் நினைக்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டு சூஃபிகள் இரவு முழுவதும் இறைநாமத்தை ஓதிக்கொண்டு விழித்திருக்கக் காபி அருந்தினர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் யேமனியர்கள் கூடிய இரவுகளைப் பற்றிய குறிப்பில், சிவப்பு மண்கலத்திலிருந்து தலைவர் சிறு அகப்பையால் முகந்து வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் தர, மற்றவர்கள் ஓதியபடியே வாங்கிக் குடிக்கும் காட்சி வருகிறது. குடித்தவர்கள் ஒவ்வொருவரும் தாமே அரைக்கவில்லை, காய்ச்சவும் இல்லை. இருந்தும் அந்தக் கோப்பைக்குப் புனிதம் இருந்தது. அதைத் தந்தவரின் கவனமும் பெற்றவர்களின் விழிப்புமே அப்புனிதம்.

1984இல் வெளிவந்த நூலில் ஆல்பர்ட் போர்க்மன் என்னும் மெய்யியலாளர், நவீனக் கருவி தன் பயனை முன்னால் நீட்டி இயக்கத்தைப் பின்னால் மறைத்துவிடுகிறது என்றார். அடுப்பு இருந்த வீட்டில் தாய் தீ மூட்ட, பிள்ளைகள் விறகை எடுத்துவைக்க, தந்தை விறகு வெட்ட, வெப்பம் குடும்பத்தை ஒன்றுகூட்டியது என்பதும், நடுவண் வெப்பமூட்டி வந்தபின் வெப்பம் மட்டும் மிஞ்சியது என்பதும் அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இந்த விளக்கம் கூர்மையானது, ஆனால் முழுமையானது அன்று. விடியுமுன் எழுந்து தீ மூட்டிய அந்தத் தாயைக் கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கலாம். மேலும், தானியங்கி எஸ்பிரெசோ இயந்திரம் தன் இயக்கத்தை முற்றிலும் மறைத்துவிடுவதும் இல்லை. மறைக்கவும் திறந்துகாட்டவும் அதற்கு இயலும், எதைச் செய்கிறது என்பது வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

காபி இறங்கும் அறை பக்கக் கதவைத் திறந்தால் கையோடு வெளியே வரும் வகை இயந்திரங்கள் உள்ளன. உள்ளேயே பூட்டப்பட்டு, துப்புரவு மாத்திரையைப் போட்டு மட்டும் கழுவக்கூடிய வகையும் உள்ளது. முதல் வகையைக் கொண்டவர் வாரம் ஒருமுறை அந்த அறையைக் கழற்றிச் சோப்பில்லாமல் வெறும் குழாய்நீரில் கழுவுகிறார். வடிகட்டியின் நுண்துளைகளில் ஒட்டிய கரிய எண்ணெய்ப் பசையை விரலால் தேய்த்து எடுக்கிறார். காயவைத்து, தேய்மானமுள்ள இடங்களில் உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸைச் சில மாதங்களுக்கு ஒருமுறை தடவுகிறார். சக்கை இறுகிய வில்லையாக விழுகிறதா, சேறாகக் குழைந்து கிடக்கிறதா என்று பார்க்கிறார். காபி சட்டென்று ஓடிப் புளித்தால் அரவையை ஒரு படி நுண்ணிதாக்குகிறார், சொட்டுச்சொட்டாக இறங்கிக் கசந்தால் ஒரு படி பருமனாக்குகிறார். அந்தத் திருகை அரவை ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும் என்பதையும், மாற்றம் நாக்குக்குத் தெரிய ஓரிரு கோப்பைகள் ஆகும் என்பதையும் பழக்கத்தில் அறிந்துகொள்கிறார். எண்ணெய் கசியும் அளவுக்கு வறுத்த கொட்டையும் சர்க்கரை பூசிய கொட்டையும் அரவையை அடைத்துவிடும் என்று அறிந்து தவிர்க்கிறார். கடின நீர் உள்ள ஊரில் உப்புப் படிவைக் கரைக்கும் அமிலத்தை உரிய காலத்தில் ஓடவிடுகிறார். நிமித்தகாரணம் பொறியாளரிடமிருந்து இவரிடம் திரும்பி வருவது இந்த வேலைகளின் வழியாகத்தான். கை காபி போடுவதிலிருந்து விலகி, காபி போடுவதைப் பேணுவதற்கு நகர்ந்திருக்கிறது. அதுவும் முழுமையான வினையே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகும் 15 பார், 19 பார் என்னும் எண்கள் பம்பின் உச்சத்திறனைச் சொல்பவை, காபி இறங்குவதற்குத் தேவை ஏறத்தாழ 9 பார்தான். ஆகவே அந்த எண்களைக் காட்டிலும், கழற்றிக் காணமுடியும் அறைக்கும் கையால் திருத்தமுடியும் அரவைக்கும் கூடுதல் மதிப்புத் தருவதே அறிவுடைமை.

ஓய்வுநாள் கட்டளையில் இன்னொரு கூறும் உண்டு. அக்கட்டளை வரும் விவிலிய நூலான யாத்திராகமம் அந்த ஓய்வை வீட்டுத்தலைவனுக்கு மட்டும் விதிக்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை என்று பெயர் சொல்லி விதிக்கிறது. தன் வேலையைப் பிறர்மேல் தள்ளிவிட்டு ஓய்ந்ததாக எண்ணிக்கொள்வதை அந்தக் கட்டளை முன்கூட்டியே தடுக்கிறது. தானியங்கி இயந்திரம் உள்ள வீட்டிலும் ஒருவர் பொத்தானை அழுத்திக் கோப்பையோடு நாளிதழுக்குப் போக, நிரம்பிய கழிவுநீர்த் தட்டையும் பூஞ்சை பிடித்த சக்கைப் பெட்டியையும் பால்குழாயையும் கழுவுவது வீட்டுப் பெண்ணின் தலையிலோ வேலைக்கு வருபவரின் தலையிலோ விழுமானால், அரிஸ்டாட்டில் எண்ணிய விடுதலை ஒருவருக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. எனவே கழிவுநீர்த் தட்டை முன்புறமாக இழுக்க முடிகிறதா, பால்குழாய் கருவியில்லாமல் கழல்கிறதா, அறையைக் கழுவும் முறையை வீட்டில் எல்லோராலும் கற்க முடிகிறதா என்பவை யார்மேல் எவ்வளவு வேலை விழும் என்பதைத் தீர்மானிக்கும் நியாயக் கேள்விகளாகும். அவற்றை இயந்திரம் வாங்கும் முன்பே, காபி குடிக்கும் அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு எந்த நாள் என்பது உட்படப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.