தனித்திருப்பவரிடம் உதவி கேட்போம்

தனிமையைப் பொதுநலப் பிரச்சினையாக அரசுகள் பார்க்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். பிரிட்டன் 2018 ஜனவரியில் அதற்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் நியமித்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. இதைப் படிக்கிற இளம் பொறியாளர்களுக்கு உடனே தோன்றுவது, ஒரு செயலி செய்தால் என்ன என்பதுதான். ஒரே வட்டாரத்தில் ஒரு பக்கம் ஆளில்லாமல் தவிக்கிறவர்கள், மறுபக்கம் நேரமும் மனமும் உள்ள தன்னார்வலர்கள். இருவரையும் கைபேசியில் சேர்த்துவிடலாம். நல்ல யோசனை, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் தனித்திருப்பவரை உதவி பெறுபவராகப் பதிவு செய்யும் செயலி நிலைக்காது என்று நினைக்கிறேன். அவரை உதவி செய்பவராகப் பதிவு செய்தால்தான் அது பிழைக்கும்.

இப்படிச் சொல்ல இங்கிலாந்தின் அனுபவம் ஒரு காரணம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அங்குள்ள தேசிய சுகாதார சேவை தன்னார்வலர்களை அழைத்தது. திடீரென இதயத்துடிப்பு நின்றுபோனவர் அருகே முதலுதவி தெரிந்தவரை அனுப்ப ஏற்கெனவே இருந்த 'குட்சாம்' என்ற செயலியையே இதற்கும் பயன்படுத்தினார்கள். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தருவது, தனியாக இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது என்று வேலைகள் வகுக்கப்பட்டன. 2.5 லட்சம் பேர் வேண்டும் என்று கேட்டார்கள். சில நாட்களிலேயே 7.5 லட்சம் பேர் பெயர் கொடுத்ததால் பதிவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அடுத்து நடந்ததுதான் முக்கியம். செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்த ஏராளமானோருக்கு முதல் வாரங்களில் ஒரு வேலையும் வரவில்லை. இதற்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு: தொடக்கத்தில் மருத்துவர் போன்றோர் பரிந்துரைத்தால்தான் ஒருவருக்கு உதவி போகும் என்ற ஏற்பாடு இருந்தது, பல தெருக்களில் அக்கம்பக்கத்தாரே முந்திக்கொண்டு உதவிவிட்டார்கள். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. கொடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை, கேட்கும் வாய்தான் திறக்கவில்லை.

கேட்பது ஏன் அவ்வளவு கடினம்? கேட்டால் கடன்படுகிறோம், திருப்பிச் செய்ய வழியில்லை என்ற கூச்சம்தான். நம் ஊர் மொய் நோட்டைப் பாருங்கள். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பவர் கை நீட்டிப் பணம் வாங்குகிறார், தலை குனிவதில்லை. தான் முன்பு செய்தது அடுத்தவர் நோட்டில் இருக்கிறது, இன்று வாங்குவது தன் நோட்டில் ஏறுகிறது, நாளை அவர் விருந்தில் இதைத் திருப்பலாம் என்று அவருக்குத் தெரியும். திருப்பிச் செய்யும் வாய்ப்பு இருக்கும்வரை வாங்குவதில் இழிவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், துணை போய்ச் சேர்ந்துவிட்டார், வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த வாய்ப்பு அடியோடு போய்விடுகிறது. அவரை யாரும் எதற்கும் கேட்பதில்லை. தனிமையில் மிகவும் உறுத்துவது பேச ஆளில்லாததைவிட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நிலையில் உள்ளவரிடம் வாரம் ஒரு முறை முன்பின் தெரியாத இளைஞரை அனுப்பி நலம் விசாரிக்க வைத்தால், அவர் நன்றி சொல்லி அனுப்புவார். ஆனால் தான் யாருக்கும் தேவையில்லை என்பது அவருக்கு இன்னும் ஒரு முறை உறுதியாகியிருக்கும்.

இன்னொரு காரணம் சிகாகோவின் அனுபவம். 1995 ஜூலையில் அங்கே வெப்ப அலை அடித்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியோர் பலர் பூட்டிய வீட்டுக்குள்ளேயே இறந்தனர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க், அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் இரண்டிலும் வறுமை உண்டு, தனித்து வாழும் முதியோரும் உண்டு. ஆனால் வடக்கில் இறப்பு விகிதம் ஏறக்குறைய பத்து மடங்கு. தெற்கில் கடைத்தெரு நெரிசலாக இருந்தது. முதியவர்கள் வெளியே வந்துபோக இடமும் காரணமும் இருந்தன. வடக்கில் கடைகள் மூடிக் கிடந்தன, குற்றங்களுக்கு அஞ்சி மக்கள் உள்ளேயே அடைந்து கிடந்தார்கள். வாசற்படியைத் தாண்ட ஒரு காரணம் இருப்பது ஓர் உயிர் பிழைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். செயலி தர வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

எனவே முதல் திரையிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். 'உங்களுக்கு என்ன உதவி தேவை?' என்று கேட்காமல், 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்கட்டும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கல்விக்கடன் விண்ணப்பம் நிரப்பித் தருவார். நவம்பரில் அவருடைய உயிர்வாழ் சான்றிதழைக் கைபேசியில் முகம் காட்டிப் பதிய அதே பெண் உதவுவாள். தமிழாசிரியையாக இருந்தவர் மாலையில் அரை மணி நேரம் ஒரு சிறுவன் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்பார்; அவன் போகும்போது அவர் வீட்டுத் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்துவிட்டுப் போவான். வட்டாரம் நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஆளை அனுப்பக் கூடாது. முகம் பழகினால்தான் உறவு. புள்ளி, பதக்கம், தரவரிசை எதுவும் வேண்டாம். இருவருக்கும் பழக்கமாகி, செயலியைத் திறக்காமலே அவர்கள் சந்திக்கத் தொடங்கினால் அதுவே வெற்றி. எத்தனை பேர் தினமும் திறக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும் முதலீட்டாளருக்கு இது பிடிக்காது. ஆகவே இதை லாபத்துக்காக நடத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

மறுப்புகள் உண்டு. படுக்கையில் கிடப்பவரிடமும் மனச்சோர்வில் இருப்பவரிடமுமா உதவி கேட்பது? நோய்க்கு மருத்துவம்தான் வழி. அதைத் தன்னார்வலர் தலையில் கட்டக் கூடாது, அரசும் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது. ஆனால் எழுந்து நடக்க முடியாதவர்கூடத் தினமும் காலையில் இன்னொரு முதியவரை அழைத்து 'எழுந்தாச்சா, மாத்திரை போட்டாச்சா' என்று கேட்கலாம். வயதானவர்களுக்குச் செயலி பழக்கமில்லையே என்றால், அவர்களுக்குத் தொலைபேசி எண் ஒன்று போதும்; மிஸ்டு கால் கொடுத்தால் மறுமுனையில் ஒரு மனிதர் திரும்ப அழைத்துப் பேச வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை பாதுகாப்பு. தனியாக இருக்கும் முதியோரின் முகவரிப் பட்டியல் ஒரு திருடனுக்கு எவ்வளவு பயன்படும் என்று நினைத்துப் பாருங்கள். முகவரியைச் செயலி யாருக்கும் காட்டக் கூடாது. முதல் சந்திப்புகள் நூலகத்திலோ பள்ளியிலோ குடியிருப்பு நலச் சங்கத்திலோ, நாலு பேர் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இவ்வளவு கெடுபிடி வைத்தால் யார் வருவார்கள் என்ற கேள்விக்குக் கேரளம் பதில் சொல்லியிருக்கிறது. மலப்புறம் மாவட்டத்தில் வளர்ந்த வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கத்தில் சேர வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். 16 மணி நேர வகுப்பிலும் உட்கார வேண்டும். அப்படியிருந்தும் மாணவர், விவசாயி, கடைக்காரர், ஓய்வு பெற்றவர் என்று ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2008இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது.

கேரளத்தில் முதலில் வந்தவர்கள் மனிதர்கள், செயலி அல்ல. செயலி செய்ய நினைக்கும் நண்பர்களே, நிரல் எழுதும் முன் ஒரு வார்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தனியாக இருக்கும் பத்துப் பேரின் வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு அவர்களிடமிருந்து என்ன உதவி வேண்டும் என்று சொல்லுங்கள்.