ஆறாத புண்ணை மறைக்காதீர்கள்



நம் திருத்தணிக் குடும்பங்களில் புற்றுநோய் என்ற பேரைச் சொல்லவே அஞ்சுகிறோம். அக்கம்பக்கத்தார் அறிந்தால் மகளின் கலியாணம் தடைப்படுமாம்!

1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இந்நோயால் மாண்டார். அத்துயரை மறவாத அம்மையார் 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவை வைத்தியர். அவர் கத்தியோடு நின்றுவிடவில்லை. புகையிலை மெல்லும் ஏழைகளுக்கு வருகிற வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, பலனை வருஷக்கணக்காய் ஆராய்ந்து எழுதினார். 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தா இவ்வுழைப்பில் அவருக்குத் துணை. அவர் 2021-ல் இறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரியை விட்டு அகலவில்லை.

வைத்தியனைச் சர்வேசுரனே உண்டாக்கினார், அவனைக் கனம்பண்ண வேண்டும் என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. செபத்தையும் வைத்தியத்தையும் அது பிரிப்பதில்லை, நாம்தான் பிரிக்கிறோம். நேர்ச்சை செய்யுங்கள், நல்லது. ஆனால் நேர்ச்சை நிறைவேறும் நாள்மட்டும் புண் காத்திராதே!

மூன்று வாரமாய் வாய்ப்புண் ஆறாமல், வெளியே சொல்லக் கூசுகிறவர் உங்கள் வீட்டில் உண்டோ? இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவரிடம் பேசுங்கள். நாளைக் காலை சென்னை ரயிலில் அவரோடு நீங்களும் ஏறுங்கள்.