அள்ளியவர்கள்

கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களில் சேர்த்த காலத்துக்கு 'சிக்ஸ்டீஸ் ஸ்கூப்' என்று பெயர். ஸ்கூப் என்றால் கரண்டியால் அள்ளுவது. 1983இல் பாட்ரிக் ஜான்ஸ்டன் எழுதிய ஆய்வறிக்கை வழியாகப் பரவிய சொல். அவர் அதைக் கேட்டது ஒரு சமூகப்பணியாளரிடம். அள்ளிய தரப்பிலிருந்தே வந்த பெயர்.

எனக்கு உறுத்துவது இதுதான். அள்ளியவர்கள் போலீஸ்காரர்களோ குண்டர்களோ இல்லை. ஏழைகளுக்கு உதவணும் என்று படிக்க வந்தவர்கள். 1951இல் இந்தியர் சட்டம் திருத்தப்பட்டு, மாகாணச் சட்டங்கள் ரிசர்வ்களுக்குள்ளும் செல்லுபடியாயின. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகளில் பூர்வகுடியினர் அப்போது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1964இல் மூன்றில் ஒருவர். பதின்மூன்று வருஷத்தில் அத்தனை தாய்மார்களும் திடீரென்று கெட்டுப்போயிருக்க முடியுமா?

2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. முதல் பரிந்துரையிலேயே, சமூகப்பணியாளர்களுக்குப் பூர்வகுடி உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றைச் சரியாகக் கற்பிக்கச் சொல்கிறது. சரி, எப்படிக் கற்பிப்பது?

பரவலான ஒரு பயிற்சி உண்டு. மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து, "வீட்டில் நிறையப் புத்தகம் இருந்ததா? ஒரு அடி முன்னால வாங்க" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் யார் முன்னால், யார் பின்னால் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முன்னால் நிற்பவருக்குக் குற்றவுணர்ச்சி வரும், சிலருக்கு அழுகையும் வரும். அழுததும் பாடம் முடிந்தது போல ஒரு நிம்மதி. பின்னால் நிற்கிற பூர்வகுடிப் பெண்தான், பாவம், காசு கட்டிப் படிக்க வந்து மற்றவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆகிறாள்.

மனசைச் சுத்தம் செய்கிற பாடமாகவே இனவாதத்தை நடத்தினால், மனசு சுத்தமானவர்கள் செய்ததை எப்படி விளக்குவது?

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் 'டீஃபால்ட்' என்று ஒன்று உண்டு. பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. ரிசர்வ் குழந்தைகள் விஷயத்தில் டீஃபால்ட் இப்படி இருந்தது: குழந்தையை எடுத்துக்கொண்டால் பராமரிப்புச் செலவை மத்திய அரசு ஈடுகட்டும், எடுக்காமல் அந்தக் குடும்பத்துக்கு உதவ நினைத்தால், அதற்கு ஒதுக்கிய பணம் சொற்பம். சிண்டி பிளாக்ஸ்டாக் என்ற பூர்வகுடிச் சமூகப்பணியாளர் முன்னின்று தொடுத்த வழக்கில், இது பாகுபாடு என்று 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்னது. இந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு இளகிய மனசுக்காரரை உட்காரவைத்தாலும் அவர் கை குழந்தையை நோக்கித்தான் போகும். வீடு ஒழுகுகிறது, ஒரே அறையில் ஆறு பேர், பாட்டிதான் வளர்க்கிறாள் என்பதெல்லாம் ஃபைலில் ஏறும்போது 'புறக்கணிப்பு' என்ற ஒரே சொல்லாகிவிடும். வறுமைக்கு அங்கே தனிக் கட்டம் கிடையாது.

ஆக, வகுப்பில் நடத்த வேண்டியது அந்த நிதி விதியைத்தான் என்பேன். படிவத்தையும் அதில் இல்லாத கட்டத்தையும் சேர்த்து.

இதில் நம்மவர்களுக்கும் வேலை இருக்கிறது. டொராண்டோவில் தமிழ்ப் பிள்ளைகளும் சமூகப்பணி படிக்கிறார்கள். "நாங்களே இனவாதத்துக்குத் தப்பி வந்தவங்க, எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்க அவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் படிவத்தை நிரப்புகிற கையின் நிறத்தைப் படிவம் பார்ப்பதில்லை.

ஒரு ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. அதை லேசாகத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் படித்த இளம் பணியாளர், நிஜமாகவே அடிவாங்கும் குழந்தையின் வீட்டு வாசலில் தயங்கி நின்றால்? பழி வருமே என்று பயந்து திரும்பிவிட்டால், அதுவும் கைவிடல்தான். அடிவாங்குகிற குழந்தையையும் ஒழுகுகிற கூரையையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். அதற்குக் குற்றவுணர்ச்சி உதவாது. பழைய ஃபைல்களை வரிவரியாக வைத்துக்கொண்டு, "இங்கே ஆபத்து எது, ஏழ்மை எது?" என்று மணிக்கணக்கில் சண்டைபோட வேண்டும். அலுப்பான வேலை. யாரும் அழமாட்டார்கள்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கனடாவின் குழந்தைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்களில் 53.8 சதவீதம். இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வேலைக்குச் சேரும்போது அவர்கள் மேஜைக்கு வரப்போகிற ஃபைல்கள் இவை.